நூற்று எண்பத்தாறு ஆதரவுகளும் ஓர் ஆட்சேபனையும்

"ஏம்ப்பா, எல்லாக் கடுதாசிலயும் ஒரு பக்கம் புகழ்ந்துட்டுப் பொறவுதான கேக்கிய? நேரா கேட்டா தரமாட்டாவளா?"

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஐஸ்வர்யா தன் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. அப்பா காசிலிங்கம் எழுதிக்கொண்டிருந்த மனுவிலிருந்து தலையை எடுக்காமலே, "ஏளா, சாமிகிட்ட போனாலும் தேங்கா ஒடச்சிட்டுத்தான கேக்கோம்?" என்றார். ஐஸ்வர்யா இப்போது கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அந்தப் பதிலில் காசிலிங்கத்துக்கு இருபது வருஷமாக ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிகிற தூரத்தில், உப்பளங்களை ஒட்டிய முத்தாரம்மன்பட்டியில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸுக்குத்தான் காசு. மனு எழுத வாங்கமாட்டார். விதவைப் பணமோ, ரேஷன் கார்டோ, குடிதண்ணீர்க் குழாயோ, யார் எதற்கு வந்தாலும் நெற்றியில் திருநீறு கலையாமல் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். யாராவது ரூபாயை நீட்டினால், "இது செந்திலாண்டவன் கணக்கு தாயி, எடுத்துட்டுப் போ" என்பார். நல்ல மனுஷன். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த வருஷம் மாசி மாதம், பஞ்சாயத்து கிளார்க் செந்தூர்வேல் அறிவிப்புப் பலகையைத் துடைத்தபோது, ஆட்டுத் தடுப்பூசி முகாம் நோட்டீசுக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. மத்திய அரசின் ஒரு துறை இங்கிலீஷில் அடித்து அனுப்பிய தாள். கடலோரத்தில் தங்கள் நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சரக்குக் கிடங்கு கட்டப்போவதாகவும், இது வெறும் முன்மொழிவுதான் என்றும், பொதுமக்கள் அறுபது நாட்களுக்குள் தங்கள் கருத்தைத் தாராளமாகத் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. அறுபதில் நாற்பத்தொன்பது நாள் ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டது.

கூடவே இருந்த வரைபடத்தில் செந்தூர்வேல் விரலை வைத்துக் காட்டினான். சுவர் வருகிற இடம் அளத்துப் பாதை. ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவே உள்ள ஒரே குறுக்கு வழி. அது அடைபட்டால் நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். விடியுமுன்னே போய் உப்பு வாரிவிட்டு, உச்சி வெயில் ஏறும்போது வெறுங்காலோடு திரும்புகிற பொம்பளைகளுக்கு அந்த நாலு கிலோமீட்டர் என்றால் என்ன என்பது டெல்லியில் தெரியாது. இசக்கித்தாய்க்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் அவள் வலது முட்டி தேங்காய் கணக்காக வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, இந்தச் சுவரு வந்துட்டுன்னா எனக்கு வேலையில்ல. இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் சுத்திப் போயிருவனா? ஒரு நல்ல கடுதாசியா எழுதுங்க."

காசிலிங்கம் எழுதினார். எழுதியதிலேயே சிறந்தது என்று அவரே நினைத்துக்கொண்ட கடிதம் அது. ஊர் முழுக்க அதையே பிரதி எடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, நூற்று எண்பத்தாறு கடிதங்கள் சேர்ந்தன. "உயர்திரு ஐயா அவர்களின் திருச்சமூகத்துக்கு, முத்தாரம்மன்பட்டிப் பொதுமக்கள் வணங்கி எழுதுவது. எங்கள் பகுதியின் வளர்ச்சிக்காகத் தாங்கள் மேற்கொள்ளவிருக்கும் திட்டத்தை மனமார வரவேற்கிறோம்" என்று தொடங்கி, நாட்டின் முன்னேற்றம், துறையின் சேவை, அதிகாரிகளின் குடும்ப நலம் எல்லாவற்றையும் வாழ்த்தி முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில், "ஆயினும் ஒரு சிறு விண்ணப்பம்" என்று பாதை வந்தது.

ஒரே ஒரு ஆள்தான் அதில் கையெழுத்துப் போடவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிற ராஜபாண்டி. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, சும்மா நிற்கிற ஆட்டோவையும் வைகிற ஆள். அவன் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நான் சொல்லுதேன், அப்படியே எழுதுங்க" என்று ஆரம்பித்தான். இரண்டாவது வரியிலேயே காசிலிங்கம் பேனாவை மூடிவிட்டார்.

"இதெல்லாம் என் கையால எழுத மாட்டேன்லே. கேக்க வேண்டியதைப் பணிவா கேக்கணும்."

"பணிவா கேட்டா அவன் படிக்கமாட்டான். வஞ்சாத்தான் படிப்பான்."

"அப்ப நீயே எழுதிக்கோ."

ராஜபாண்டி எழுதினான். டயர்க் கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, தபால்தலை ஒட்டித் தனியாக அனுப்பினான்.

மூன்று மாதம் பதில் இல்லை. இசக்கித்தாய் தினம் அளத்திலிருந்து திரும்பும்போது கடை வாசலில் நின்று, "பதிலு வந்துட்டா அண்ணாச்சி?" என்பாள். "வரும் தாயி" என்பார் அவர். வந்தது, ஆனால் ராஜபாண்டிக்கு. இங்கிலீஷில் இருந்ததால் அவன் கவரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். மத்தியான நேரம். வேறு யாரும் இல்லை.

காசிலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துத் தமிழில் சொன்னார். "மொத்தம் வந்த கருத்துகள் நூற்று எண்பத்தேழு. திட்டத்தை ஆதரித்து வந்தவை..." அங்கே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, எழுத்து தெரியலையா?"

"...நூற்று எண்பத்தாறு. எதிர்ப்பு ஒண்ணு."

டெல்லியில் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவர்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. முதல் பக்கத்தில் அத்தனை வரவேற்பு இருந்தது. ஊர் தன் பாதையைத் தானே மனமார அடைத்துக் கொடுத்திருந்தது, அதுவும் காசிலிங்கத்தின் கையெழுத்தில்.

அடுத்து, வந்த ஒரே எதிர்ப்பின் சுருக்கமும் துறையின் பதிலும் இருந்தன. காசிலிங்கம் உணர்ச்சியில்லாத குரலில் வாசித்தார். "கருத்தாளர், துறை அதிகாரிகள் உணவில் உப்புச் சேர்த்துக்கொள்கிறார்களா என வினவியுள்ளார். துறையின் பதில்: இது இத்திட்டத்தின் வரம்பிற்குள் வராது. அதிகாரிகளுக்கு மூளை இல்லையெனில் கடன் வாங்கலாம் என ஆலோசனை வழங்கியுள்ளார். துறையின் பதில்: ஆலோசனை குறித்துக்கொள்ளப்பட்டது."

ராஜபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜெராக்ஸ் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். காசிலிங்கத்தின் கண்ணாடிக்கு உள்ளே ஈரம். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நான்தாம்லே ஊரைக் கெடுத்தேன்" என்றார் அவர். "இசக்கித்தாய் மூஞ்சில எப்படி முழிப்பேன்? இப்பவே போயி எல்லார்ட்டயும் சொல்லிருதேன்."

"சும்மா இருங்க அண்ணாச்சி. சொன்னா சுவரு நின்னுருமா? டெல்லில தப்பா எண்ணிட்டான்னு நான் சொல்லிக்கிடுதேன். டெல்லிக்காரனைத்தான் ஊரு நம்பாதே. கீழ என்னமோ எழுதியிருக்கு பாருங்க, அதைப் படிங்க மொதல்ல."

கீழே எழுதியிருந்தது இது: விதிப்படி ஒரே ஓர் ஆட்சேபனை வந்திருந்தாலும் அதைத் தெரிவித்தவரை நேரில் கேட்க வேண்டும். வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் துறையின் விருந்தினர் இல்லத்துக்கு அவர் வரலாம். வாசிக்கவோ எழுதவோ உதவி தேவையென்றால் ஒருவரை அழைத்து வரலாம். ஆதரவு தெரிவித்த மற்றவர்களுக்குத் துறை நன்றி தெரிவிக்கிறது. அவர்கள் வரத் தேவையில்லை.

ஆக, முத்தாரம்மன்பட்டிக்காக அரசாங்கத்தின் முன் வாய் திறக்கிற உரிமை இந்த உலகத்தில் ராஜபாண்டி ஒருவனுக்குத்தான் இருந்தது.

சொன்னதுபோலவே அவன் டீக்கடையில் போய், டெல்லிக்காரனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று வண்டி வண்டியாக வைதான். ஊரும் சேர்ந்து வைதது. காசிலிங்கத்தின் பெயர் ஒரு வாயிலும் வரவில்லை. "புதன்கிழமை பாருங்க, அந்த ஆபீசரை நாக்கைப் பிடுங்கிக்கிடுத மாதிரி கேக்கேன்" என்று ராஜபாண்டி அறிவித்தான். இசக்கித்தாய் அவன் நெற்றியில் முத்தாரம்மன் கோயில் திருநீறு பூசிவிட்டாள். "நல்லா கேளுலே ராசா. உன் வாயி இப்பத்தான் உதவப் போவுது."

புதன்கிழமை இருவரும் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். விருந்தினர் இல்லத்தில் ஏசி ஓடியது. சரண்யாதேவி என்ற அதிகாரி, முப்பத்தைந்து வயது இருக்கும், இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சார், உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல டீ சாப்பிடுங்க" என்றார்.

ராஜபாண்டியை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. எழுந்து நின்று வரவேற்றதும் இல்லை. போலீஸ்காரன் 'ஏலே' என்பான், சேட்டு 'ஏய் ஆட்டோ' என்பார். அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிஸ்கட்டை எடுக்கலாமா என்று காசிலிங்கத்தைப் பார்த்தான்.

"உங்க ஆட்சேபனையைச் சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்ல மேடம்."

"பரவாயில்ல, தயங்காம சொல்லுங்க."

"நல்ல திட்டந்தான் மேடம். எங்களுக்கு ரொம்ப சந்தோசம். வரவேற்கோம்."

காசிலிங்கம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். எந்தப் பணிவை ஊருக்கே அவர் பாடம் நடத்தினாரோ, அது சரியாக இந்த நிமிஷத்தில் ராஜபாண்டியிடம் வந்து சேர்ந்திருந்தது.

"அப்போ ஆட்சேபனையைத் திரும்பப் பெறுறதா எழுதிக்கலாமா?" அதிகாரியின் பேனா தாளுக்குப் போனது. ராஜபாண்டியின் தலை ஆடத் தொடங்கியது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று காசிலிங்கம் எழுந்தார். "நான் இவருக்கு வாசிச்சுக் காட்ட வந்தவன். எதைத் திரும்ப வாங்குதோம்னு அவருக்கு ஞாபகம் வரணும்லா? அவரு எழுதின கடுதாசியை ஒரு தடவை வாசிச்சிரட்டுமா?"

அதிகாரி கோப்பிலிருந்து டயர்க் கடைப் பில்லை எடுத்துக் கொடுத்தார். காசிலிங்கம் ஒரு தரம் கண்ணை மூடினார். உள்ளுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாரோ என்னவோ. அறுபத்தாறு வருஷத்தில் ஒரு கெட்ட சொல் வராத வாயால், கணீரென்று வாசித்தார்.

"'ஏல டெல்லிக்காரப் பயலுகளா, சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிய? அந்த உப்பை வாருத பொம்பளைய நடக்க பாதையில சுவரு வைக்கப் போறியளாம்ல? காலு வீங்கின எங்க இசக்கித்தாய் அக்கா உச்சி வெயில்ல நாலு மைலு சுத்தி வரணுமா? ஒங்க ஆத்தாளை இப்படி நடக்க விடுவியளாலே? மூளை இருந்தா யோசிங்க, இல்லன்னா கடன் வாங்கியாவது யோசிங்க. மானங்கெட்ட பயலுவ. இப்படிக்கு ராஜபாண்டி, லோடு ஆட்டோ.'"

ராஜபாண்டி பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நாலு மைலா?" என்றார் அதிகாரி.

காசிலிங்கம் கையெழுத்துப் போட்ட ஆதரவாளர், அவர் சொன்னால் அது கணக்கில் வராது. ராஜபாண்டியை முழங்கையால் இடித்தார்.

"நாலு கிலோமீட்டர் மேடம்" என்றான் அவன் மெதுவாக. "எழுதுத வேகத்துல மைலுன்னு போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே முக்கால். "போய்ப் பார்த்துட்டே வந்திரலாம்" என்று எழுந்தார். சுவர் வரவிருக்கிற கோட்டைச் சுற்றி அவர் தனியாகவே நடந்தார். பாதி தூரத்தில் செருப்பு அறுந்தது. அளத்துப் பாதை குறுக்கிடுகிற இடத்தில் எதிரே வந்த இசக்கித்தாய், இவர் யாரென்று தெரியாமலே, "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்று தன் தூக்குவாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்து, தலையில் போட்டிருந்த துண்டையும் எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி இரண்டையும் வாங்கிக்கொண்டார். கடவுள் எந்த மனுவைப் படிக்கிறார், எதை ஓரமாக வைக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாய்த் தண்ணீரை அவர் படித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

ஆவணி மாதம் உத்தரவு வந்தது. சுவர் உண்டு. சுவரில் எட்டடி அகலத்தில் ஒரு கேட்டும் உண்டு, காலை நாலு மணியிலிருந்து மாலை ஆறு வரை திறந்திருக்கும். "நூற்று எண்பத்தாறு பேரின் ஏகோபித்த ஆதரவையும் ஒருவரின் ஆட்சேபனையையும் சமமாகப் பரிசீலித்து" என்று அதில் எழுதியிருந்தது.

ஊரில் கொண்டாட்டம். இசக்கித்தாய் கடைக்கு வந்து, "எல்லாம் உங்க எழுத்துதான் அண்ணாச்சி" என்று கும்பிட்டாள். அவர் வாயைத் திறந்தார், அவள் கேட்கவில்லை. டீக்கடையில் ராஜபாண்டி, தான் மேசையில் ஓங்கி அடித்ததையும், டீக் கோப்பை கவிழ்ந்ததையும், அந்த அம்மா நடுங்கிப்போனதையும் தினம் கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். காசிலிங்கம் அந்தப் பக்கம் போனால் மட்டும் சத்தம் குறையும். அவர் நேராகப் பார்க்காமல் போய்விடுவார்.

அந்த வாரமே அவர் பெயருக்கு ஒரு தபால் வந்தது. உதவிக்குப் போனவர் என்று அன்றைக்கு அவரிடம் கையெழுத்தும் முகவரியும் வாங்கியிருந்தார்கள். உள்ளே அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. இதைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்போவதாகவும், திருத்தம் ஏதும் இருந்தால் ஏழு நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம் என்றும் இருந்தது. இந்தத் தடவை தமிழிலேயே அனுப்பியிருந்தார்கள்.

குறிப்பு நேர்மையாக இருந்தது. "ஆட்சேபனை தெரிவித்த திரு. ராஜபாண்டி, தமக்கு எதிர்ப்பு ஒன்றுமில்லை எனவும் திட்டத்தை வரவேற்பதாகவும் கூறினார். அவருடன் வந்த திரு. காசிலிங்கம் எதிர்ப்பைக் கடுமையான சொற்களில் எடுத்துரைத்தார்."

பலகையில் இது ஏறினால், ஊர் அதை ஒரு வருஷத்துக்கு வாசிக்கும்.

காசிலிங்கம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். அவர் பொய் எழுதமாட்டார். அதனால் கொஞ்ச நேரம் யோசித்து, உண்மையையே எழுதினார்.

"அன்று பேசப்பட்ட எதிர்ப்பின் ஒவ்வொரு சொல்லும் திரு. ராஜபாண்டியுடையது. நான் அவற்றை வாசித்தேன், அவ்வளவே. தூரம் எவ்வளவு என்று கேட்கப்பட்டபோது பதில் சொன்னவரும் அவரே. எனவே எதிர்ப்பை எடுத்துரைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை மட்டும் எழுதி, அவருக்கு எதிர்ப்பில்லை என்ற வரியையும் என் பெயரையும் நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, பெரிய தபாலாபீசில் கவரைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஊரில் தபால்பெட்டி இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கிறவன் ராஜபாண்டியின் மச்சான். ரசீதை நாலாக மடித்தார், பிறகு அதுவும் எதற்கு என்று கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வெளியே வந்து, அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், கொஞ்சம் பட்டாணி வாங்கித் தின்றுகொண்டு நின்றார்.