ரோஸ் சோளம்

கைநிறைய அள்ளிய சோளம் அப்படியே இருக்கிறது, விரல் பிரியவில்லை, காலடியில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கின்றன, பொறுமையில்லாத ஒரு வெடக்கோழி என் கால்விரலைக் கொத்துகிறது, காதில் இன்னும் போன் இருக்கிறது, திருப்பூரிலிருந்து என் மகள் வினோதா சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், என்ன சொன்ன, திரும்பச் சொல்லு என்கிறேன், அதாம்மா, நான் சின்னப் புள்ளையில ரோஸ் சோளத்தப் போட்டு நம்ம கோழியெல்லாம் கொன்னேன்ல, அதே மாதிரி உன் பேரன் மீன் தொட்டியில சோப்புத்தூளக் கொட்டி வச்சிருக்கான், எனக்குத் தப்பாமப் பொறந்திருக்கான் என்கிறாள், நீயா போட்ட, என்று கேட்ட குரல் என் குரல் மாதிரியே இல்லை, என்னம்மா தெரியாத மாதிரி கேக்குற, நீதான போடச் சொன்ன, என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பால் பொங்குதும்மா அப்பறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள், நானா, நானா சொன்னேன், என் தலையில் இடியை இறக்கிவிட்டு அவள் பால் இறக்கப் போய்விட்டாள்.

செம்பாயி அக்கா, என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், பத்தொன்பது வருஷமாக அந்தப் பெயரோடு அக்கா சேர்ந்து என் வாயில் வந்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரி, அந்த மகராசி, இப்படித்தான் வந்திருக்கிறது, நடுவில் ஒரு கிளுவை வேலிதான், இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கும், நான் கல்யாணமாகி வந்த வருஷம் ஒரு கருப்புப் பேடையை வேலிக்கு மேலாக நீட்டி, வாரத்துக்கு வச்சு வளத்துக்க புள்ள, பொரிக்கிறதுல உனக்குப் பாதி எனக்குப் பாதி என்கிறாள், முதல் அடையிலேயே ஒன்பது குஞ்சு, நாலும் நாலும் பிரித்துவிட்டு மிச்ச ஒன்றை என்ன செய்வதென்று இருவரும் விழிக்கிறோம், இது வேலிமேலயே ஒக்காரட்டும் என்று அவள் சொல்ல, அதுவும் சொன்னது புரிந்த மாதிரி இரண்டு வீட்டிலும் தின்று இரண்டு வீட்டிலும் முட்டையிட்டுத் திரிகிறது, அடை வைக்கும்போது இடி தாக்காமல் இருக்கக் கூடைக்குள் கரித்துண்டும் ஆணியும் போடுவோம், முட்டையிடாமல் சும்மா அடை கிடந்து அடம்பிடிக்கும் பேடையைத் தண்ணீரில் முக்கி எடுத்து மூக்கில் ஓர் இறகைச் செருகி விடுவோம், மூக்குத்தி போட்டுக்கிட்டா மகாராணி என்று அக்கா சொல்வாள், எனக்கு வயிறு வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு வரும், என்ன சிரிப்புச் சிரித்திருக்கிறோம், இப்போது அதை நினைக்கப் பயமாக இருக்கிறது.

வினோதாவுக்கு அப்போது ஆறு வயது, சோகை, கீழ் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர் தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்றார், அன்றிலிருந்து எனக்குக் கோழி என்றால் அது என் பிள்ளையின் ரத்தம், நொய்யும் கம்பும் இறைப்பேன், குஞ்சுகளுக்குக் கரையான் தேடி அலைவேன், இரண்டு சேவல்களை அவள் காதுகுத்துக்கென்று குலசாமிக்கு நேர்ந்து விட்டிருந்தோம், காலையில் தீனி போடுவது மட்டும் வினோதாவின் வேலை, அதை யாருக்கும் விட்டுத் தரமாட்டாள். அந்த வருஷ மழைக்கு ஊரே மக்காச்சோளம் விதைத்தது, கடையில் வாங்கும் விதை, மருந்து கலந்து மிட்டாய் மாதிரி ரோஸ் நிறத்தில் இருக்கும், அக்கா வீட்டுக்காரர் எங்களுக்கு முந்தியே விதைத்துவிட்டார், அந்தக் காட்டை என் கோழிகள் போய்க் கிளறிவிட்டு வந்தன, இன்னொரு தரம் வந்துச்சு, மருந்து வச்சுருவேன் பாத்துக்க, என்று அவர் வேலிக்கு அப்பால் நின்று கத்தினார், கோபத்தில் யாரும் சொல்கிற பேச்சுதான், ஆனால் மூன்றாம் நாள் வெயில் ஏறுவதற்குள் என் கோழிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது, நேர்ந்து விட்ட சேவல்கள் சிறகடித்தபடியே சாய்கின்றன, அந்தக் கருப்புப் பேடையின் இரைப்பையை அரிவாள்மனையில் வைத்துக் கீறினேன், உள்ளே ரோஸ் சோளம், வேலியோரத்திலும் நாலைந்து ரோஸ் சோளம் சிதறிக் கிடக்கிறது, அப்புறம் எனக்கு வேறு சாட்சி எதற்கு.

காட்டிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார், சாமி சேவல் செத்துக் கிடப்பதைப் பார்த்ததும் வேலிக் கழியைப் பிடுங்கிக்கொண்டு, எவடி இதச் செஞ்சது, என்று நின்றார், கோபம் வந்தால் எதிரே நிற்பது யாரென்று பார்க்காத மனுஷன், அவர் கொடுத்த ஓர் அறையில் என் இடது காது இன்றைக்கும் மந்தம், நான் வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினேன். பாத்திரம் விளக்கிய சாம்பல் கையோடு செம்பாயி அக்கா நிற்கிறாள், என்னைப் பார்க்கிறாள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் வினோதாவைப் பார்க்கிறாள், என்னவோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொள்கிறாள், அந்த மூடிய வாய்தான் எனக்கு அவள் குற்றத்துக்குச் சாட்சியாகத் தெரிந்தது, மாரியம்மன் கோயில் படியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன், வந்தாள், என் கையால நான் எதுவும் போடல, என்று மட்டும் சொல்லி உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்தாள், அப்ப யாருதான் போட்டா என்று ஊர் கேட்டது, அவள் உள்ளங்கைக் கரியைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள், பாத்தீங்களா என்றேன், மண்ணை வாரித் தூற்றினேன், அடுத்த வருஷம் கிணற்றில் தூர் எடுக்கும்போது மண் சரிந்து அவள் புருஷன் செத்துப்போனார், சாவுக்கு நான் போகவில்லை, வேலியோரம் நின்று, பொய்ச் சத்தியம் சும்மா விடுமா, என்று அவள் காதில் விழும்படி சொன்னேன், சொன்னேனே, சொன்ன வாய் இந்த வாய்தானே, இதைக் கொண்டுபோய் எங்கே கழுவுவது.

இப்போது வருகிறது, இத்தனை வருஷம் எங்கே போயிருந்ததோ, கோழிகள் செத்த அன்று காலை, அடுப்பில் உலை கொதிக்கிறது, எங்கள் காட்டில் விதை போடும் ஆட்களுக்குச் சோறு கட்ட வேண்டும், நேரமாகிவிட்டது, முதல் நாள் சாயங்காலம் விதை வாளியைக் கோழித் தீனி வாளி இருந்த இடத்தில் நான்தான் நகர்த்தி வைத்தேன், வாசல் பக்கமிருந்து, அம்மா, சோளம் ரோஸ் கலரா இருக்குது, என்று மெல்லிசாக ஒரு குரல், நான் திரும்பக்கூட இல்லை, எல்லாம் சோளந்தான், போடுடி சனியனே, என்று கத்துகிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கும் சத்தம் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் வாளியோடு விதையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுகிறார், வாளி வீட்டில் இல்லை, அதோடு என் நினைப்பிலும் இல்லை, ஒரு மனுஷிக்குத் தான் சொன்னது இப்படியுமா மறக்கும், மறந்தேனா, மறக்க வசதியாக இருந்ததா, எனக்கே தெரியவில்லை.

தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை, முழுக்க நரைத்துவிட்டாள், முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், யக்கா என்றேன், நிமிர்ந்து பார்த்தவள், ஒக்காரு என்றாள், நான் உட்காரவில்லை, அந்த ரோஸ் சோளத்த எம் மவதான்க்கா போட்டா, நான்தான் போடச் சொன்னேன், என்றேன். ஆமா, என்றாள் கீரையை உருவிக்கொண்டே, நீ கத்துனது எனக்கும்தான் கேட்டுச்சு, இரைப்பைய அறுத்தப்பத்தான் அது வெதச் சோளம்னு வெளங்குச்சு, அதுக்கென்ன இப்ப. ஏங்க்கா அப்பவே சொல்லல என்று கேட்டேன், அவள் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள், உன் புருஷன் கழியோட நிக்கிறாரு, புள்ள உன் முந்தானையில நடுங்குது, நீ எம்பக்கம் கைய நீட்டுற, சரி, புள்ளயக் காப்பாத்தத்தான் பழிய எம்மேல போடுறா, நம்ம மேல போடாம வேற யாரு மேல போடுவான்னு வாய மூடிக்கிட்டேன், சத்தியத்துலகூட உன்னக் காட்டிக் குடுக்கலியே என்றாள். எனக்குத் தெரியாதுக்கா, என்றேன், சத்தியமா இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, இத்தன நாளும் நீதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

உருவிக்கொண்டிருந்த கை நின்றது, முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், மண்ணைத் தூற்றியபோதுகூட அந்த முகம் இப்படி ஆகவில்லை, அப்ப மெய்யாலுமே நான் வெசம் வப்பேன்னு நெனச்சியா, என்றாள், அவரு செத்தன்னிக்கு வேலியோரம் நின்னு சொன்னியே, உன் புருஷன் காதுல விழத்தான் அப்பிடிச் சொல்றியாக்கும்னு நெனச்சுல்ல தாங்கிக்கிட்டேன், அதுவும் மனசாரத்தான் சொன்னியா புள்ள.

ஆமாக்கா, என்றேன்.