சிரிக்கோவுக்கு ஒரு படையல்

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, யசோதினி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் கணவன் ஐங்கரனும் பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில் நடத்தும் சாப்பாட்டுக்கடை அது. இரண்டு கைகளிலும் மரவள்ளிக்கிழங்குப் பைகளோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வியர்த்துக் கொட்டியது.

"பக்கத்துக் கடையிலிருந்த கிழங்கு முழுவதையும் வாங்கிவிட்டேன்," என்றாள் பிரெஞ்சில். "உங்களிடம் பெரிய தட்டையான கல் ஒன்று இருக்கிறதாமே. கொஞ்ச நேரம் தருவீர்களா?"

யசோதினி சிரித்துவிட்டாள். தோசைக்கல்லை இரவல் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

வந்தவள் பெயர் செசில். தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் தாதி; கலினா என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். தன் ஊர்க்காரர் பத்துப் பேரோடு பாரிசுக்கு வந்திருந்தாள். எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், ஊரில் சுட்டுக் கட்டிய மரவள்ளி ரொட்டிப் பெட்டி மட்டும் விமானத்தில் வரவில்லை. விடிந்தால் அது வேண்டும்.

"பேக்கரியில் ரொட்டி கிடைக்குமே?"

"செத்தவர்களுக்கு அவர்கள் சாப்பிட்டதைத்தானே வைக்க வேண்டும்?"

செசில் உட்கார்ந்து சொன்னாள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அவள் சனத்தில் முப்பது பேரளவில் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம், பாரிசைக் காட்டுகிறோம் என்று. இங்கே ஒரு பூங்காவில் வேலி போட்டு அவர்களை உள்ளே விட்டார்கள். ஊரே டிக்கெட் வாங்கிப் பார்த்தது. பெப்ரவரிக் குளிரில் இருமி இருமியே சிலர் போய்விட்டார்கள்.

"என் கொள்ளுப்பாட்டியின் தங்கைக்குப் பதினேழு வயது. பதிவேட்டில் 'காட்டுப் பெண்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பெயரை நாங்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறோம். சிரிக்கோ. நட்சத்திரம் என்று அர்த்தம்."

"எங்கள் மொழியில் யாரையோ சிரிக்கச் சொல்வது போலக் கேட்கிறது," என்றாள் யசோதினி.

"அவள் நிறையச் சிரிப்பாளாம்," என்ற செசிலின் கண்கள் கலங்கின. நாளை அந்தப் பூங்காவில் அவர்களுக்குத் துக்கம் கழிக்கப் போகிறார்கள்.

படையல் என்றால் என்னவென்று யசோதினிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ! துருவியை எடுத்துக்கொண்டு வாங்கோ!"

ஐங்கரன் இஞ்சித் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தான்.

"ஐயோ, மரவள்ளிக்குக் கிட்ட இஞ்சியைக் கொண்டராதேங்கோ, ரெண்டும் சேர்ந்தால் நஞ்செல்லே! அங்காலை வையுங்கோ!"

மூவரும் துருவித் தள்ளினார்கள். துருவலைப் பிழிவதற்கென்று செசிலின் ஊரில் பின்னிய நீளப்பை ஒன்று உண்டு. அதுவும் காணாமல் போன பெட்டியில்தான் இருந்தது. யசோதினி மாடிக்கு ஓடிப்போய் ஒரு புது வேட்டியோடு திரும்பினாள்.

"அது தேருக்கு எடுத்ததடியப்பா!"

"தேருக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. பிடியுங்கோ."

வேட்டியில் துருவலைக் கட்டி, ஒரு முனையை ஐங்கரனும் மறுமுனையைச் செசிலும் பிடித்து முறுக்கினார்கள். கிழங்குப் பால் கொட்டியது. முதல் ரொட்டி கல்லில் ஒட்டிப் பிய்ந்தது. இரண்டாவது கருகியது. "ஈரம் கூடிவிட்டது," என்று செசில் மறுபடி முறுக்க வைத்தாள். நான்காவது, பெரிய அப்பளம்போல் வட்டமாக எழுந்து வந்தது. மூவரும் கத்திய கத்தலில் எதிர்க்கடை நகைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

கருகியதைத் தேங்காய்ச் சம்பலோடு தின்றபடி ஐங்கரன் பிரெஞ்சில் கேட்டான், "மரவள்ளி யாழ்ப்பாணத்துச் சாமான் அல்லவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செசில் விழுந்து விழுந்து சிரித்தாள். "இது எங்கள் பக்கத்துக் காட்டுக் கிழங்கு! கசப்பு வகையில் நஞ்சு இருக்கும். அதைப் பிழிந்தெடுக்கத் தெரிந்துகொண்டது எங்களைப் போன்ற காட்டுச் சனம்தான். உங்களுக்கு வெள்ளைக்காரன் கப்பல் கொண்டுவந்திருக்கும்."

ஐங்கரன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். "கிழங்கைப் பத்திரமாய்க் கொண்டந்திருக்கிறாங்கள், யசோ," என்றான் தமிழில். "ஆக்களைத்தான்…"

யசோதினி அடுத்த ரொட்டியைத் திருப்பினாள்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. இருபத்திரண்டு ரொட்டிகளையும் ஆளுக்கொரு பையாகத் தூக்கிக்கொண்டு மெத்ரோ ரயிலில் போனார்கள். பூங்காவில் ஒரு பெரிய மரத்தடியில் செசிலின் ஊர்க்காரர் வாழையிலை போல் அகலமான இலைகளை விரித்திருந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டார்கள். சிரிக்கோவின் முறை வந்தபோது செசில் முன்னால் வந்தாள். யசோதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, ரொட்டியைப் பிட்டு இலையில் வைத்தாள்.

"சாப்பிடு, பிள்ளை. சாப்பிட்டுவிட்டு எங்களோடு வீட்டுக்கு வா."

பிறகு மேளம் தொடங்கியது. துக்கம் முடிந்ததென்றால் ஆட வேண்டும், அது அவர்கள் முறை. தள்ளுவண்டிகளோடு நின்ற குடும்பங்கள் என்ன விசேஷம் என்று கேட்டன. செசில் எதையும் மறைக்காமல் சொல்லி, எல்லாருக்கும் ரொட்டி கொடுத்தாள்.

இரண்டு பெண்கள் ஐங்கரனைக் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தார்கள். அவன் எடுத்துவைத்த அடியெல்லாம் பிழை. மூன்றாவது சுற்றில் கொஞ்சம் பிடிபட்டது.

"யசோ, வாவன்! லேசாத்தான் கிடக்கு!" என்று கூவினான்.

யசோதினி செருப்பைக் கழற்றிப் புல்லில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.