இருபது வருஷத்து ஸ்பானிஷ் சிவப்பு

காய்ச்சல் போகும்போது ருசிக்காரரின் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒயின் கடைக்கு ருசி பார்த்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. மூக்கில்லாத ருசிக்காரர், தராசில்லாத கடை மாதிரி. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். கடையோ அவளுடைய அண்ணனுடையது. ஒயினையும் வினிகரையும் பிரித்தறியாத மனிதன். ஆனால் மூக்கு போன விஷயம் தெரிந்தால் மறுநாளே வேறு மூக்கு தேடிவிடுவான். உறவெல்லாம் அவனுக்குக் கல்லாவுக்கு அந்தப் பக்கம்தான்.

இன்று இருபது வருஷத்து ஸ்பானிஷ் சிவப்பு ஒயின். இவர் தலையாட்டினால் ஒரு கிடங்குச் சரக்கையே மச்சான் வாங்கிவிடுவான்.

திரைச்சீலை வழியே வந்த மதிய வெயிலில் கிளாஸைச் சாய்த்தார். விளிம்பில் செங்கல் நிறம். நன்றாக முதிர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் கண்ணால் சொல்ல முடிந்தது. சுழற்றி முகர்ந்தார். கனவில் தெரிந்தவர் ஒருவர் எதிரே நின்று வாயசைப்பார், குரல் மட்டும் வராது. அப்படி இருந்தது.

"என்ன மாப்ளே, சொக்கிட்டீங்களா? வாயைத் தொறங்க." மச்சான் அவசரப்படுத்தினான்.

வாய் தானாகத் திறந்தது. "காஞ்ச செர்ரி... பழைய தோல்பை... புகையிலை... கடைசியில லேசா மரப்பெட்டி வாசம்."

"அப்ப முடிச்சிடலாம்!" மச்சான் போனை எடுத்தான். வாசற்படியில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த மனைவி தரையைப் பார்த்தாள்.

அவளைப் பார்க்க முடியாமல் அவர் ஒரு மடக்கு குடித்தார். நாக்கில் உருட்டி, மூக்கு வழியே மூச்சை விட்டார்.

எங்கோ தூரத்தில் ஒரு கதவு திறந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. பூட்டியே கிடந்த அறை. பூஞ்சணம். கண்ணை மூடிக்கொண்டு அந்த அறைக்குள் மெல்ல நடந்தார். மூலைக்கு மூலை நாற்றம், அத்தனையும் அவருக்கே.

"கெட்டுப்போச்சு!" பிள்ளை பிறந்த சேதி போலக் கத்தினார். "தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்திருக்கு! போனை வைங்க மச்சான்!"

"இப்பதானே செர்ரின்னீங்க?"

"அது ஞாபகத்துல இருந்து வந்தது. இது மூக்குல இருந்து வருது."

மச்சான் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "எவ்வளவு நாளா?"

"காய்ச்சல்ல இருந்துண்ணா."

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கே காது குத்தியிருக்கீங்க!" முறைத்தபடியே இன்னொரு பாட்டிலை எடுத்து, தக்கையில் திருகியைச் செருகினான். "இந்தத் தடவையாவது மூக்கைக் கேட்டுச் சொல்லுங்க."

மனைவி கெட்ட ஒயினைக் கொட்டக் கை நீட்டினாள்.

"இரு, இரு" என்று கிளாஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் மறுபடி மூக்கை உள்ளே விட்டார்.