ஆளில்லாத வீடு

அதிகாரி வரப்போகிறார் என்று கேட்டதும் சித்தாள் செய்த முதல் வேலை, இடிக்கப்போகிற வீட்டைப் பெருக்கித் துடைத்ததுதான். முன்னறையில் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புக் காரையைக் கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாள். ஜன்னல் கம்பியில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். கண்ணாடி இல்லாத இடத்தில் அட்டையை வைத்துக் கட்டினாள். தூசி அடங்கட்டும் என்று வாசலில் தண்ணீரும் தெளித்தாள்.

"இடிக்கிற வீட்டுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு சிங்காரம்?" என்றான் கொழுந்தன்.

"பெரிய மனுசன் வர்ற எடம். குப்பையா கெடந்தா கையெழுத்து போட அவருக்கு மனசு வருமா?"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் சிரித்தான். அவனுக்குச் சம்மட்டி என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. போன வேலையில் நிலைக்கு மேலிருந்த கல் சரிந்து பாதத்தில் விழுந்ததிலிருந்து சம்மட்டி இப்படித்தான் கிடக்கிறான். வலது கால் முழங்கால் வரை கட்டு. ஒன்றுக்குப் போவதென்றாலும் தம்பி தோள் கொடுக்க வேண்டும்.

இடிக்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்து இடிக்கப்போகிற வீடுதான் வீடு. வேலை பேசி முடிந்ததும் மூட்டை முடிச்சோடு உள்ளே வந்துவிடுவார்கள். பின்கட்டில் ஆரம்பித்து முன்னால் வருவார்கள். கடைசி அறையின் கூரையில் கை வைக்கும்போது அடுத்த வீடு தயாராக இருக்கும். "இந்த ஊர்ல நாம குடியிருக்காத தெரு எது? வாடகைதான் குடுத்ததில்ல" என்பான் சம்மட்டி. இந்த வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். அனுமதி வரும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால் தொடவில்லை. சும்மா இருக்கிற கை பழைய வீட்டில் என்ன செய்யும்? சித்தாள் மூலையில் நாலு கல் வைத்து அடுப்பு போட்டாள். கொழுந்தன் செத்துக் கிடந்த ஒயரை ஒட்டி ஒரு பல்பு எரிய வைத்தான்.

அதிகாரி ஒரு பியூனைக் கூட்டிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் வந்தார். செருப்பைக் கழற்றாமல் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். சுவரைத் தட்டவில்லை, கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார்.

"யார் குடியிருக்கறது இங்க?"

"நாங்கதாங்க சார்" என்றாள் சித்தாள், கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்கிற நினைப்பில். "வந்து ஒரு மாசம் ஆகுதுங்க."

"வீடு காலியா இருக்குன்னு மனுவுல எழுதியிருக்கு. ஆள் இருக்கற வீட்ட இடிக்க அனுமதி கெடையாது."

"நாங்க இடிக்க வந்தவங்கதாங்க."

"இடிக்க வந்தவங்களுக்கு எதுக்கு அடுப்பு?"

"இடிக்கறவனுக்கும் பசிக்கும் சார்" என்றான் சம்மட்டி கட்டிலிலிருந்து.

அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு முன்னாடி இந்த சீட்டுல இருந்தவர் ஆள் இல்லன்னு நம்பித்தான் கையெழுத்து போட்டார். செவுரு விழுந்த அப்புறம்தான் உள்ள ஒருத்தர் படுத்திருந்தது தெரிஞ்சுது. அவர் இப்ப வீட்ல உக்காந்திருக்கார். நானும் போய் உக்காரணுமா?" என்றார். பியூன் வீட்டுக்காரருக்கு போன் போட்டான்.

வீட்டுக்காரர் அடித்துப் பிடித்து வந்தார். முன்பிருந்த குடித்தனக்காரரை வெளியேற்றுவதற்குள் கோர்ட்டுக்கு நடந்து நடந்து அவருக்குச் செருப்புத் தேய்ந்திருந்தது. சூடு கண்ட பூனை அவர். பல்பு எரிவதைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"எவ்வளவு நாளா போட்ட திட்டம் இது?"

"என்ன திட்டங்க?"

"கரண்ட் இழுத்தாச்சு. அடுப்பு வச்சாச்சு. அடுத்தது என்ன, வீடு எங்களுதுன்னு கேஸ் போடுவீங்க. இன்னொருத்தனுக்கும் சேர்த்து கோர்ட்டுல போய் நிக்க எனக்குத் தெம்பு கெடையாது."

"இத எடுத்து வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? சாய்ஞ்சு நின்னா செவுரும் கூட சாயுது" என்றான் கொழுந்தன்.

சித்தாள் அவனைக் கையமர்த்தினாள். "ஐயா, ஜன்னல் கட்டைய எவனாவது பேத்துட்டுப் போறான், வந்து உள்ள படுத்துக்குங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? யார் முன்னாடி சொன்னேன்?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி ஜன்னல் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவல் காத்த கட்டை அங்கேயேதான் இருந்தது. நாய்க்குக்கூட, காவல் இருந்தால் ஒரு கவளம் போடுவார்கள்.

"நாளைக்குக் காலைல வருவேன்" என்றார் அதிகாரி. "வீடு காலியா இருக்கணும். கதவப் பூட்டி, நோட்டீஸ் வச்சு, போட்டோ எடுக்கணும். ஒரு மாசத்துக்குள்ள யாரும் ஆட்சேபம் சொல்லலன்னா அனுமதி வரும்."

"அந்த ஒரு மாசம் நாங்க எங்கங்க போறது?" என்றாள் சித்தாள். "இவரால கால ஊன முடியாது. மழ வேற வர்ற மாதிரி இருக்கு."

அது எந்தச் சட்டத்திலும் இல்லாத கேள்வி. அதிகாரி படியிறங்கினார்.

"வேலையாவது எங்களுக்குத்தானே?" என்று சம்மட்டி உள்ளேயிருந்து கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"மெஷின்காரன் அரை நாள்ல தள்ளிட்டுப் போயிடுவான்" என்றார் வீட்டுக்காரர். "அவன் எங்கயும் அடுப்பு வைக்க மாட்டான்."

போகும்போது அவர் பின்னறையைப் பூட்டினார். சம்மட்டிகள், கடப்பாரைகள், வடக்கயிறு எல்லாம் அதற்குள் இருந்தன. போட்டோ எடுத்த பிறகுதான் சாமான் கைக்கு வரும் என்றார். கொழுந்தன் கையை மடக்கினான். அவனிடம் இருந்ததும் அந்தக் கை மட்டும்தான். வேறு எந்த வேலைக்குப் போவதென்றாலும் கடப்பாரை வேண்டும்.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் சம்மட்டியைக் கட்டிலோடு தூக்கி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த ஒரு கடையின் தகரத்தடியில் வைத்தார்கள். கால் பாதி நனைந்தது. கொழுந்தன் பிளாஸ்டிக் பையைக் கட்டின் மேல் சுற்றிவிட்டு அங்கேயே காவலாக உட்கார்ந்தான். "நல்ல காத்து வருது" என்றான் சம்மட்டி. யாரும் சிரிக்கவில்லை.

அடுப்புக் கற்களைச் சித்தாள் வெளியே எறிந்தாள். அப்படியும் சுவரில் கரி இருந்தது. "சமைச்ச மாதிரி தெரியக்கூடாது" என்றார், வீட்டுக்காரரோடும் பியூனோடும் வந்து நின்ற அதிகாரி. அவள் ஈரமண்ணைக் குழைத்துச் சுவரில் பூசினாள். ஜன்னல் அட்டையைப் பிரித்து எடுத்தாள். நேற்று அள்ளிக் கொட்டிய காரையில் ஒரு கூடையைத் திரும்பக் கொண்டுவந்து தரையில் இறைத்தாள். அதை யாரும் சொல்லவில்லை. இனி எந்தக் குறையும் வைக்கக்கூடாது என்று அவளே செய்தாள்.

வீட்டுக்காரர் முன்கதவை இழுத்துப் பூட்டினார். பியூன் பசை தடவி நோட்டீஸை ஒட்டினான். ஈரக்கதவில் அது நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஆணி அடிங்க" என்றார் அதிகாரி.

வீட்டுக்காரர் பின்பக்கமாகப் போய்ப் பின்னறையைத் திறந்து ஒரு சுத்தியலும் நாலு ஆணியும் கொண்டுவந்தார். பியூன் முதல் அடியிலேயே விரலை நசுக்கிக்கொண்டான். "அவகிட்ட குடு. அவங்க தொழில்தானே" என்றார் வீட்டுக்காரர்.

சித்தாள் வாங்கினாள். எழுத்து தெரியாததால், "எந்தப் பக்கம் மேல வரணும்?" என்று பியூனிடம் கேட்டாள். அவன் காட்டினான்.

"என்ன எழுதியிருக்கு?"

பியூன் நசுங்கிய விரலை உதறிக்கொண்டே சொன்னான். "இங்க யாரும் குடியில்லன்னு."

நாலு மூலையிலும் நாலு ஆணி. ஒவ்வொன்றும் ஒரே அடியில் இறங்கியது. அதிகாரி போனை உயர்த்திப் பிடித்தார்.

"நகரும்மா. நீ தெரியற."

அவள் ஒரு படி இறங்கினாள்.

"இன்னும் தள்ளு."

வாசலைத் தாண்டினாள். தெருவோரச் சாக்கடையையும் தாண்டி, சுத்தியலோடு மழையில் போய் நின்றாள். அதிகாரி திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ம்... இப்ப சரி. இப்ப யாரும் இல்ல."