கூட்டுக் கணக்கில் ஒரு கோட்டு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு துணிக்கடை அனுப்பிய குறுஞ்செய்தியிலிருந்து பிறந்தது. செய்தி வந்தது என் அக்காவின் கைப்பேசிக்கு. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதித்து அளவு எழுதித் தருவாள். கடையின் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்து அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினாள்.

"'பெண்கள் பிரிவு. கம்பளிக் கோட்டு. மீடியம். உங்கள் கணக்கில் பாயின்ட் சேர்ந்துவிட்டது.' கேட்டியா? கோட்டுடி! பொம்பளைங்க கோட்டு!"

"நீதான வாங்கின?"

"நான் வாங்கியிருந்தா நான் எதுக்குடி பதறணும்? அவர் வாங்கியிருக்காரு."

அவர் என்றால் அக்காவின் கணவராக இருந்தவர். லிஃப்ட் மெக்கானிக். இருவரும் பிரிந்து இரண்டு வருடமாகிறது.

(இங்கே ஒரு சிக்கல். அவரை நான் என்னவென்று எழுதுவது? அக்காவுக்கு அவர் முன்னாள் கணவர். எனக்கு? 'முன்னாள் அத்தான்' என்று ஓர் உறவு தமிழில் இல்லை. கோர்ட்டில் அக்காவுக்குத்தான் விவாகரத்து கிடைத்தது. எனக்கு யாரும் தரவில்லை. அதனால் கடைசிவரை அத்தான் என்றே எழுதப்போகிறேன்.)

2

முதல் வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் கைப்பேசி அதிர்ந்தது. அவள் உள்ளமும்—"

வேண்டாம். அன்று மழையே இல்லை. நல்ல வெயில்.

"சேமிப்பு என்பது ஒரு மனநிலை. இன்றைய நுகர்வுச் சமூகத்தில்—"

இதைப் படித்தால் அக்காவே கதையைப் பாதியில் மூடிவிடுவாள்.

"அவளிடம் அந்த ஊதா நிறச் சட்டை வந்தபோது அதற்கு ஏற்கெனவே இரண்டு சொந்தக்காரிகள் இருந்தார்கள், அவளிடமிருந்து போனபோது—"

இது பரவாயில்லை. ஆனால் இது வேறொரு கதையின் தொடக்கம். இருந்தாலும் அக்காவைப் பற்றி ஒன்றை இது சரியாகச் சொல்லிவிடுகிறது. அவள் புதுத் துணியை முழு விலைக்கு வாங்கி நான் பார்த்ததில்லை. தள்ளுபடி வரும்வரை காத்திருப்பாள். வாங்கியதைப் பூப்போல வைத்து உடுத்துவாள். அலுத்துப்போனால் படம் எடுத்து, பழைய துணி விற்கும் செயலியில் போட்டு, அந்தக் காசில் அடுத்ததை வாங்குவாள். அவள் அலமாரி ஒரு பேருந்து நிலையம். எதுவும் நிரந்தரமாகத் தங்குவதில்லை, எப்போதும் கூட்டம்தான்.

3

கணக்கு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பிரியும்போது இருவரும் எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். கட்டில் அவருக்கு, மெத்தை இவளுக்கு என்கிற அளவுக்கு நியாயம் பார்த்தார்கள். பிரிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று: அந்தத் துணிக்கடையின் பாயின்ட் கணக்கு. அது அக்காவின் எண்ணில் இருந்தது. இருவரும் வாங்கியதால் ஏறிய பாயின்ட், இருவரும் வாங்குவதால் கிடைக்கும் தங்க உறுப்பினர் தகுதி. தனித்தனியாகப் போனால் இருவருமே சாதாரண உறுப்பினர்கள். தள்ளுபடிக்கு ஒருநாள் முன்னதாகவே உள்ளே விடும் சலுகை போய்விடும்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அத்தான்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் எது வாங்கினாலும் இவளுக்குச் செய்தி வரும். சாம்பல் நிறக் காலுறை. மறுபடியும் சாம்பல் நிறக் காலுறை. ஒருமுறை சட்டை அளவு ஒரு படி ஏறியது. "வெளியில சாப்பிடறாரு" என்றாள் அக்கா. வருத்தமா, வெற்றிக் களிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கோட்டு வந்தது.

4

அக்கா அன்று போனை வைத்துவிட்டுப் பரிசோதனை அறைக்குத் திரும்பினாள். ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "மேல் வரியைப் படிங்க" என்று சொல்லிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் கடைசி வரிவரை படித்து முடித்து, "வேற ஏதாவது படிக்கணுமாம்மா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்ததாம்.

சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள். நான் ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன்.

"மனசு கஷ்டமா இருக்காக்கா?"

"இருக்காதா பின்ன? முழு விலைடி!"

"என்னது?"

"தங்க உறுப்பினருக்கு வியாழக்கிழமையே தள்ளுபடி ஆரம்பிக்குது. அதே கோட்டு பாதி விலை. நாலு நாள் பொறுக்க முடியலை அந்த மனுஷனுக்கு."

[வாசகரே, நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது: அவள் வலியை மறைக்கிறாள், விலையைச் சொல்லி வேறெதையோ அழுகிறாள். நானும் அப்படித்தான் நினைத்து ஒரு பத்தி எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "ரெண்டும்தான்டி. ஆனா விலைதான் அதிகமா வலிச்சுது" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். "எனக்கென்ன வந்துச்சு" என்றாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். கடைசியில் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் மடியில் வைத்தாள்.

"நான்தான்."

"தெரியுது" என்றார் அத்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "நானே உன்கிட்ட சொல்லணும்னு—"

"அதெல்லாம் அப்புறம். கோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வியாழக்கிழமை வாங்குங்க. பாதி விலை."

"டேக்கை வெட்டிட்டேனே."

"எதுக்கு?"

"பரிசாக் குடுக்கறப்ப விலை தெரியக் கூடாதுன்னு."

"விலையை மட்டும் கிழிச்சா போதாதா? டேக்கையே வெட்டினா கடையில எப்படி எடுப்பாங்க?" அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "சரி, சைஸாவது சரியா இருந்துச்சா?"

"தோள்கிட்ட கொஞ்சம் பிடிக்குது."

"தெரியும். நீங்க எனக்கு வாங்கினது எதுவாவது எனக்குச் சேர்ந்திருக்கா?"

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் குரல் கனிந்துவிட்டது.

"கொண்டு வாங்க. வித்துத் தர்றேன்."

(கோட்டு என்ற சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்த்தால் வரும் தொல்லை பற்றி ஒரு வார்த்தை. 'அக்கா கோட்டை விற்றாள்' என்றால் ஏதோ ராஜ வம்சம் நொடித்துப்போனது போலிருக்கிறது. 'அத்தான் கோட்டை விட்டார்' என்றால் மட்டும் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.)

5

விற்பனை என் வீட்டில் நடந்தது. இருவருக்கும் பொதுவான இடம் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். அத்தான் கோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டிவிட்டு, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில், நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் தவித்தார். "காபி குடிங்க அத்தான்" என்றேன். நன்றியோடு பார்த்தார்.

அக்கா வேலையில் இறங்கினாள். ஜன்னல் வெளிச்சம்தான் வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும். கோட்டை என்னைப் போடச் சொல்லி, கழுத்துக்குக் கீழே மட்டும் படம் எடுத்தாள்.

"முகமும் வரட்டுமேக்கா."

"துணி விக்கணும்டி."

அத்தான் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

பிறகு விளம்பரம். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "அரக்கு நிறம். சுத்தக் கம்பளி. ஒருமுறை போட்டுப் பார்த்ததோடு சரி. டேக் இல்லை, வாங்கியவர் அவசரக்காரர்." கடைசி வாக்கியம் எதற்கு என்று அத்தான் கேட்டார். "உண்மையைச் சொன்னாத்தான் நம்பி வாங்குவாங்க" என்றாள்.

பேரம் பேச இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள். மூன்றாவதாக ஓர் ஆசிரியை நேரிலேயே வந்து, எங்கள் கூடத்தில் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றி, கழற்றாமலே போய்விட்டார். வாங்கிய விலையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது.

பணத்தை அத்தானிடம் கொடுக்கும்போது அக்கா கேட்டாள்:

"யாரு?"

"நீச்சல் சொல்லிக்குடுக்கறா. குளத்துல இருந்து வெளிய வந்ததும் நடுங்குவா."

அக்கா இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு தோள் அளவைக் காட்டினாள். "அப்ப மீடியம் எப்படிப் பத்தும்? நீச்சக்காரிக்குத் தோள் அகலமா இருக்காதா? லார்ஜ்தான். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. பாயின்ட்டை எடுக்கணும்னா ஓடிபி என் போனுக்குத்தான் வரும்."

6

இப்போது எனக்குச் சந்தேகம் தந்த பாத்திரத்துக்கு வருவோம்.

நீச்சல் டீச்சரை முதல் பிரதியில் நான் படு மோசமாக எழுதியிருந்தேன். மூக்கைச் சுருக்கினாள், அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள், பழைய துணி என்றதும் முகம் சுளித்தாள். விறுவிறுவென்று போயிற்று. அக்கா படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி அந்தப் பொண்ணை இப்படிப் பண்ணி வச்சிருக்க?"

"கதைக்கு ஒரு மோதல் வேணும்க்கா."

"அதுக்கு? இல்லாததை எழுதுவியா? அவ பாவம், வந்ததுல இருந்து கையைப் பிசைஞ்சுட்டே நின்னா."

உண்மைதான். வியாழக்கிழமை கடை வாசலுக்கு ஈரத் தலையோடு ஓடிவந்திருந்தாள். "உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன்" என்றாள். அக்காவும் யோசித்தாள். "அக்கான்னே கூப்பிடு" என்றாள். அந்தச் சொல் எனக்கு மட்டும் சொந்தமானது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். எனக்கு மூக்கின் நுனியில் சுருக்கென்றது. முதல் பிரதியில் மூக்கைச் சுருக்கியவள் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

7

முடிவுகளாக எழுதிப் பார்த்தவை:

(அ) கோட்டே அக்காவுக்குத்தான். அத்தான் மனம் மாறி வாங்கியது. இருவரும் சேர்கிறார்கள்.
அக்காவின் கருத்து: "அரக்குக் கலரா? எனக்கா? அந்தக் கோட்டுக்காகவே மறுபடி கோர்ட்டுக்குப் போவேன்."

(ஆ) அக்கா நிமிர்ந்த தலையோடு கணக்கை மூடிவிட்டு, கடையை விட்டு வெளியேறுகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை.
அக்காவின் கருத்து: "பாயின்ட் எல்லாம் என்னாகும்? பைத்தியமா நான்?"

(இ) அக்காவும் நீச்சல் டீச்சரும் சேர்ந்து துணி விற்கும் தொழில் தொடங்கி—
இதை நானே பாதியில் நிறுத்திவிட்டேன்.

8

இனி நடந்தது.

தங்க உறுப்பினர்களுக்குக் கதவு திறந்ததும் அக்கா உள்ளே பாய்ந்தாள். நாங்கள் மூவரும் பின்னால் ஓடினோம். கோட்டுகள் தொங்கிய இடத்தில் லார்ஜ் இல்லை. ஸ்மால் இருந்தது, மீடியம் மலைபோல இருந்தது. நீச்சல் டீச்சர், "பரவாயில்லைக்கா, கொஞ்சம் இறுக்கினா என்ன" என்றாள். அக்கா பதில் சொல்லாமல் ஜன்னலோரம் நின்ற பொம்மையிடம் போய், அதன் காலருக்குள் விரலை விட்டு அளவைப் பார்த்தாள். லார்ஜ்.

"மேடம், அது பார்வைக்கு வச்சது" என்றாள் கடைப்பெண்.

"பார்த்தாச்சும்மா. இனிமே வாங்கணும்."

பொம்மைக்குக் கோட்டைக் கழற்றுவது சுலபமல்ல. இடது கை தோளோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கடைப்பெண் 'ஐயோ' என்றாள். அத்தான் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, பொம்மையின் தோளுக்குள் எட்டிப்பார்த்து, "மரை தேஞ்சிருக்கு" என்று நோய் கண்டுபிடித்து, கையை மாட்டினார். முன்பைவிட உறுதியாக நின்றது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதெல்லாம் நல்லாத்தான் செய்வாரு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

கோட்டு நீச்சல் டீச்சருக்கு அச்சாகப் பொருந்தியது. அவள் கைகளை நீச்சலடிப்பதுபோல விரித்துப் பார்த்தாள். எங்கேயும் பிடிக்கவில்லை. அக்காவின் முகத்தில் அப்போது வந்த மகிழ்ச்சியை எழுத நான் நான்கு உவமை தேடினேன். எதுவும் சரியில்லை. கண்ணாடி போட்டதும் ஒருவர் 'இப்ப தெரியுது' என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

கல்லாவில் பாதி விலை போக, மீதியில் பெரும்பகுதியை இரண்டு வருடப் பாயின்ட் அடைத்துவிட்டது. ஓடிபி வந்தது. அக்கா சொன்னாள். கடைப்பெண் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இதைக் குடும்பக் கணக்கா மாத்திக்கலாம் மேடம். நாலு பேர் வரைக்கும் சேர்க்கலாம், பாயின்ட் ரெண்டு மடங்கு. நீங்கல்லாம் ஒரே குடும்பமா?"

அத்தான் கூரையைப் பார்த்தார். நீச்சல் டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் அக்கா.

"என்ன உறவுன்னு போடணும்?"

"இவ என் தங்கச்சி. அவர் இவளுக்கு அத்தான்." நீச்சல் டீச்சர் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றாள். "இதுவும் தங்கச்சின்னே போட்டுக்கம்மா."

இரண்டு மடங்கு பாயின்ட்டுக்காகச் சொன்னாளா, வேறெதற்காவதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவளிடம் கேட்டேன். "ரெண்டு மடங்குடி!" என்றாள். அந்தப் பதிலைப் பாத்திரத்தின் பதிலாக எடுத்துக்கொள்வதா, அக்காவின் பதிலாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைப்பெண் பையை நீட்டினாள். "பிடிக்கலைன்னா முப்பது நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்."

நீச்சல் டீச்சர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "திருப்பிக் குடுக்கற பேச்சே இல்லை."

"இவரை வாங்கினப்ப நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் அக்கா, அத்தானைப் பார்த்து.

சரியாக அந்த நேரத்தில் என் பேனா கீழே விழுந்து உருண்டது. நான் கல்லாவுக்கு அடியில் குனிந்திருந்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. எழுத்தாளராக என் வாழ்க்கையில் கேட்ட மிக நீளமான இடைவெளி அது. பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அதைத் தொடர்ந்து மற்றவர்கள், கடைப்பெண் உட்பட.

முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. அக்கா என்றால் இது ஒரு கதை. அத்தான் என்றால் வேறு கதை. நீச்சல் டீச்சர் என்றால் முற்றிலும் வேறு. அந்த இடத்தை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். பொருத்தமானவரைச் சிரிக்க வையுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், பேனா கைக்குக் கிடைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை என்பதுதான். அங்கேயே குனிந்தபடி, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் முடிப்பதாகத் தெரியவில்லை.