தையல்காரியின் சிரிப்பும் டாக்டரின் அடைப்புக்குறிகளும்

1

இந்தக் கதையை எழுத நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாயைப் பிளந்து படுத்திருந்தேன், அவ்வளவுதான். உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, எச்சில் உறிஞ்சும் குழாய். அந்த நேரம் பார்த்து என் பல் டாக்டர், "நீங்க எழுத்தாளர்தானே? வெளியே காத்திருக்கிறவங்க படிக்க, ஈறைப் பத்தி ஒரு கதை எழுதிக் கொடுங்களேன்" என்றார். முடியாது என்று சொல்ல நாக்கு வேண்டும். என் நாக்கு அவர் பிடியில் இருந்தது.

எழுந்து வாய் கொப்பளிப்பதற்குள் நிபந்தனைகளையும் சொல்லிவிட்டார். படிப்பவர்கள் பயப்படக் கூடாது. ஒரு பல்கூட விழக் கூடாது. எழுதியதை முதலில் அவர் பார்ப்பார். பார்த்தார், கையில் பென்சிலோடு. அவர் ஓரத்தில் கிறுக்கியதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். என் கதைகளில் யாராவது செத்துப்போவார்கள், இல்லையென்றால் ஊரைவிட்டாவது போவார்கள். பல்கூட விழாத கதை என்றதும் எனக்குக் கை ஓடவில்லை.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"ஈறு என்பது பல்லின் வேரைச் சுற்றி..." பாடப் புத்தகம். அடித்துவிட்டேன்.

"அவள் துப்பிய நுரையில் சிவப்பு கலந்திருந்தது. மரணத்தின் முதல்..." [மரணமா? பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். எடுத்துவிடுங்கள். - டாக்டர்]

"ஒரு தையல் கடையில் ஒரு பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்."

இது பரவாயில்லை. இதிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

3

கடை சின்னது. முன்பக்கம் வெட்டும் மேஜை, பின்பக்கம் தையல் இயந்திரம், நடுவில் துணிக் குவியல். மேஜையில் நின்று துணி வெட்டுபவர் கணவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவள் அவர் மனைவி, நம் தையல்காரி. மாஸ்டர் சொல்லும் ஜோக்குகள் அறுவை. ஆனால் அவள் சிரிப்பாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் முழுக்கத் திறந்து, எதிர்க்கடைக்காரர் என்ன விஷயம் என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பாள். மாஸ்டர் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவளிடம் ஒரு பழக்கம். கத்திரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பாள். அன்றைக்கு ஒரு வெள்ளைக் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துவிட்டு, குனிந்து நூலைக் கடித்தாள். நிமிர்ந்தால், காலரில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஊசி குத்திவிட்டது என்று நினைத்தாள். தைப்பவர்களிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: நம் ரத்தம் துணியில் பட்டால் நம் எச்சிலையே தொட்டுத் துடைக்க வேண்டும், போய்விடும் என்பார்கள். அவளும் எச்சிலைத் தொட்டுத் துடைத்தாள். புள்ளி சட்டைப் பொத்தான் அளவு ஆனது. இன்னும் கொஞ்சம் எச்சில். இப்போது அது கோட்டுப் பொத்தான் அளவு. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகுதான் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். கையும் சிவந்தது.

கோட்டு யாருடையது என்று கேட்பீர்கள். பல் டாக்டருடையது. இப்படி வசதியாக ஒரு கோட்டைக் கொண்டுவந்து வைக்க எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. [என் கோட்டில் ரத்தமா? இதைப் படித்தால் வந்தவர்களெல்லாம் ஓடிவிடுவார்கள்! - டாக்டர்] ஓடாதீர்கள். உட்காருங்கள்.

4

உண்மையில் அவளுக்கு இது புதிதல்ல. காலையில் பல் தேய்த்தால் ரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. புண்ணைத் தொட்டால் எப்படி ஆறும் என்று அந்தப் பக்கம் மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டாள். [எல்லாரும் செய்கிற தப்பு! தேய்க்காமல் விட்டால் அழுக்குப் படிந்து ஈறு இன்னும் வீங்கும், இன்னும் ரத்தம் வரும். பெரிய எழுத்தில் போடுங்கள். - டாக்டர்] பெரிய எழுத்தில் போட மாட்டேன், இது கதை. ஆனால் அந்த அடைப்புக்குறியை நீங்கள் இன்னொரு தடவை படித்தால் நான் தடுக்கப்போவதில்லை.

கோட்டைப் பார்த்ததும் பல்லெல்லாம் போகப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டாள். கோட்டை ஒரு பையில் சுருட்டி இயந்திரத்துக்கு அடியில் தள்ளினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மாஸ்டர் ஜோக் சொன்னார். "ம்" என்றாள். இன்னொன்று சொன்னார். அதற்கும் "ம்". மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவரும் முடிவு கட்டிவிட்டார்.

"என் மேல என்ன கோவம்?"

"ம்ஹும்."

"காலரை மாத்தி வெட்டினதுக்கா?"

"ம்ஹும்."

"உன் தங்கச்சி பேசிட்டிருக்கும்போது நான் தூங்கிட்டேனே, அதுக்கா?"

"ம்ஹும்."

மாஸ்டர் உடைந்துவிட்டார். "சரி, தெரிஞ்சுபோச்சு உனக்கு. ஆமா, உன்னோட துணிக் கத்திரியால அட்டை வெட்டினது நான்தான்!"

தைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: துணிக் கத்திரியால் காகிதம் வெட்டினாலே கூர் மழுங்கிவிடும். அட்டை என்றால் கொலைக் குற்றம். தையல்காரிக்கு இது தெரியவே தெரியாது.

"அட்டையா!" என்று வாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"இரு, வாயை மூடாதே. என்ன இது, இப்படிச் செவந்து வீங்கியிருக்கு?"

"கத்திரிக்குப் பதில் சொல்லுங்க."

"ரத்தம் வருதேம்மா!"

"கத்திரி!"

"இதுக்குத்தான் சிரிக்காம இருந்தியா? என் ஜோக் பிடிக்காம இல்லையே?"

"உங்க ஜோக் என்னைக்குப் பிடிச்சுது? சொல்லிட்டு நீங்க முழிக்கிற முழியைப் பார்த்துத்தானே சிரிக்கிறேன்."

மாஸ்டர் துணிக் குவியலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான். [அழட்டும். ஆனால் சீக்கிரம் கூட்டி வரச் சொல்லுங்கள். - டாக்டர்]

5

இந்த இடத்தில் ஒரு முன்பல் விழுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன், நல்ல பக்கம். டாக்டர் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டார். ஆகவே:

இருவரும் கோட்டு இருந்த பையோடு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் காலரைப் பார்த்தார், பிறகு வாயைப் பார்த்தார். "பல்லைத் தாங்குற எலும்பு வரைக்கும் போகலை. ஈறு மட்டும்தான் வீங்கியிருக்கு. சுத்தம் பண்ணிட்டு ஒழுங்கா தேய்ச்சா பழையபடி ஆயிடும்" என்றார். பல்லோடு கல்லாக இறுகிக் கிடந்த அழுக்கை, அதாவது காறையை, சுரண்டி எடுத்தார். மெத்தென்ற பிரஷை ஈறும் பல்லும் சேருமிடத்தில் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் தேய்க்கக் காட்டினார். கடைசியில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய ஒரு நூலைக் கொடுத்தார்.

தையல்காரி அதை விரலில் உருட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "மெழுகு போட்ட நூல்!"

"எத்தனாம் நம்பர் நூல், டாக்டர்?" என்றார் மாஸ்டர்.

அவள் இடுக்கில் நூலைக் கொடுத்துச் சரக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள்.

"ஐயையோ! தையல் பிரிக்கிற மாதிரி இழுக்காதீங்க. பல்லோட ஒட்டி வளைச்சு, மெதுவா மேலயும் கீழயும் கொண்டு போங்க. அப்புறம், இனிமே எந்த நூலையும் கடிக்கக் கூடாது. பல்லு கத்திரி இல்லை."

"கத்திரியை ஞாபகப்படுத்தாதீங்க, டாக்டர்" என்றார் மாஸ்டர், அசடு வழிய.

முதல் சில நாட்கள் ரத்தம் நிற்கவில்லை. பயம் இருந்தாலும் அவள் விடவில்லை. பிறகு நுரை வெளிர் சிவப்பானது. ஒரு காலையில் துப்பிப் பார்த்தால் வெள்ளை, சுத்தமான வெள்ளை. "ஏங்க, இங்க வாங்களேன்!" என்று கத்தினாள். மாஸ்டர் அரை முகச் சவரத்தோடு ஓடிவந்தார். இருவரும் கழுவுதொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பிடி நுரையைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்ட தம்பதியை நான் எழுதியதே இல்லை. எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருந்தது. போய் என் பல்லையும் தேய்த்துவிட்டு வந்தேன்.

6

இப்போது கடை. தையல்காரியின் கழுத்தில் ஒரு நாடா, அதில் நூல் வெட்டும் சின்னக் கத்திரி. அட்டை வெட்டிய பாவத்துக்கு மாஸ்டர் வாங்கிக் கொடுத்தது. அவள் நூலை அந்தக் கத்திரியால்தான் நறுக்குகிறாள். மாஸ்டர் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு ஒரு ஜோக் சொல்கிறார்.

என்ன ஜோக்? அதுதான் சிக்கல். பலவற்றை எழுதிப் பார்த்துவிட்டேன். [எதற்கும் சிரிப்பு வரவில்லை. - டாக்டர்] நியாயம்தான். அவள் சிரித்தது ஜோக்குக்கு இல்லையே.

அதனால் இதை உங்களிடம் விடுகிறேன். உங்கள் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருப்பார், உங்களோடு வந்தவர். கொஞ்ச நாளாகக் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுகிறவராகக்கூட இருக்கலாம். அவர் எதற்குச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள். எவ்வளவு அறுவையானாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு முழியுங்கள். [சத்தமாகச் சிரிக்கலாம். உள்ளே எனக்கும் கேட்க வேண்டும். - டாக்டர்]

தையல்காரி ஊசியை நூல்கண்டில் குத்தி வைக்கிறாள். கையை வாயருகே கொண்டுபோகவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து...

மீதியை நான் எழுதப்போவதில்லை. உங்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்கும்.