முதல் பொடி

எங்கள் மசாலா கம்பெனிக்கு சாப்ட்வேர் செட்டப் பண்ணியது நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அத்தா பீர் முகைதீன், வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் எங்க சாபிரு பாத்துக்கிடுதான்" என்பார். தம்பி சாபிரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னைக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை: மிளகாய் வத்தல் உள்ளே வந்ததிலிருந்து பாக்கெட்டாகப் போகும்வரை ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு தெரியவேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கிடையாது.

சாப்ட்வேருக்கு நூறு கிலோ வத்தல் போனால் நூறு கிலோ பொடி வரவேண்டும். வெயிலில் எடை குறையும், காம்பு கழியும் என்று அதற்கு யார் சொல்வது? நான் சொன்னேன். காயப்போடுவது, காம்பு கிள்ளுவது, அரைப்பது எல்லாவற்றையும் தனித்தனி வேலையாகப் பிரித்து, எதில் எவ்வளவு கழியும் என்று ஏற்றினேன். அப்படியும் தினம் கணக்கு கொஞ்சம் உதைத்தது. சாபிர் அரவை மெஷினில் நிற்கும் மாடத்தியைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"ஆளப் பாக்காதலே, மெஷினப் பாரு" என்று கடிந்துவிட்டு நானே போய் நின்றேன்.

மல்லி அரைத்து முடிந்த மெஷினில் வத்தலைக் கொட்டியதும், முதலில் விழுந்த பொடியை மாடத்தி தனியாக ஒரு சட்டியில் பிடித்தாள்.

"இதுல மல்லி வாடை அடிக்கும்மா. நான் முன்ன வேல பாத்த தாயில்பட்டி பட்டாசு கம்பெனியில ஒரு மருந்து பட்ட எடத்துல இன்னொண்ணத் தொட விடமாட்டாக. அந்தப் பளக்கம். இது நம்ம ஆளுகளுக்கு மத்தியானக் கொளம்புக்கு."

அன்றே 'முதல் பொடி' என்று தனிச் சரக்காக ஏற்றினேன். கணக்கு கச்சிதமாக நின்றது.

சென்னைக் கம்பெனியிலிருந்து புகழேந்தி என்ற அதிகாரி வந்தார். ஒரு பாக்கெட்டை எடுத்து எந்த ஊர் வத்தல் என்று கேட்டார். சாபிர் தட்டினான், மல்லாங்கிணறு என்று வந்தது. அவர் திரையில் விரலை வைத்தார்.

"இதென்ன, முதல் பொடி?"

சாபிர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இதையெல்லாம் யார் செட்டப் பண்ணாங்க?"

அத்தா என் பக்கம் கையைக் காட்டினார்.

"எம் மவ தஹ்மீனா. ஏலே சாபிரு, எந்திரிலே. அவ உக்காரட்டும்."

தம்பியின் உயரத்துக்கு இருந்த சுழல் நாற்காலியை இறக்கி, உட்கார்ந்து, மாடத்தியின் சட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். இவ்வளவு சுத்தமாக அரைக்கிற இடத்தைப் பார்த்ததில்லை என்று புகழேந்தி அங்கேயே ஆர்டரை உறுதி செய்தார். மாடத்தியைக் கூப்பிட்டு அதைச் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நாற்காலியை யாரும் உயர்த்தியிருக்கவில்லை.